அத்தை வேண்டிக்கொண்ட முடி

"வலிச்சா சொல்லு" என்றார் என் வீட்டுக்காரர்.

வலிக்கவில்லை. வெற்றிச்செல்வன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபிட்டர். கடுகளவு வளையத்தை நோஸ் பிளையரால் எந்தப் பக்கம் நெருக்கினால் வாய் திறக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

யூடியூபில் ஒரு பெண் காட்டியபடிதான் செய்துகொண்டிருந்தோம். பிடரியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வளையத்துக்கு ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். நசுங்கிய வளையத்தைப் பக்கவாட்டில் நெருக்கி உருண்டையாக்கி, மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். இழுக்கவே கூடாது. இழுத்தால் சொந்த முடியும் கூடவே வந்துவிடும்.

என்னிடம் சொந்த முடி என்று இருப்பதே கொஞ்சம்.

பார்லரில் இதற்கு எக்ஸ்டென்ஷன் என்று பெயர். சவுரிதான். என் முடியோடு வளையம் போட்டு நெருக்கிய சவுரி.

கல்யாணமாகி வந்தபோது எனக்கு இடுப்பு வரைக்கும் முடி. குழந்தைக்காக ஊசி போட ஆரம்பித்த நான்காம் மாதம் கொத்துக் கொத்தாகக் கொட்டியது. சிலருக்கு அப்படி ஆகும் என்றார் டாக்டர். அத்தைக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் சரியாகத் தெரியாது என்பதால் கொஞ்ச நாள் கொண்டை போட்டு ஓட்டினேன். அப்புறம் இவர்தான் பட்டாபிராமில் ஒரு பார்லருக்கு பைக்கில் கூட்டிப் போய், முடிகிற வரைக்கும் வெளியிலேயே காத்திருந்தார். அம்மாவுக்கு மட்டும் தெரிய வேண்டாம் என்றார்.

அத்தைக்குத் தெரியவில்லை. எம் மருமவ முடியப் பாத்தியா என்று எங்கள் ஊர் சேக்காடு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். போதாததற்குப் போன கிருத்திகையன்று சாமி படத்துக்கு முன்னால் கற்பூரத்தை ஏற்றி, "மருமவ முடிய எறக்கிடறேன் முருகா, ஒரு புள்ளய குடு" என்று வேண்டிக்கொண்டார்.

என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேண்டுதல் அவருடையது, தலை என்னுடையது, முடியில் முக்கால்வாசி எவளுடையதோ.

நாளைக் காலை திருத்தணி ரயில். மொட்டை போடுபவர் தலையை நனைத்துத் தேய்த்ததுமே கையில் வளையம் நெருடும். சாமியையே ஏமாற்றப் பார்த்தாள் என்று அத்தை அங்கேயே தலையில் அடித்துக்கொள்வார். பிள்ளை இல்லாததற்கு ஏற்கெனவே எல்லாக் காரணமும் நான்தான். இதுவும் சேர்ந்தால் இந்த வீட்டில் நான் குடித்தனம் பண்ண முடியாது.

அதனால் இவர் ஒரு திட்டம் போட்டார். கழற்றியதை ஒரு கட்டாகக் கட்டிக் கொண்டைக்குள் செருகிக்கொண்டு போவது. அத்தையை டோக்கன் வரிசையில் நிறுத்திவிட்டு, அந்த நேரத்தில் உருவிவிடுவது.

அத்தை ஆவடி மார்க்கெட்டுக்குப் போனதும் கதவைத் தாழ் போட்டோம். ஒரு மணி நேரத்தில் அறுபது வளையம் கழன்றிருந்தது. தினத்தாளின் மேல் முடியை வரிசையாக வைத்துக்கொண்டே வந்தார். கழுத்தில் எண்ணெய் வழிந்தால் தன் லுங்கி நுனியால் துடைத்துவிட்டார்.

இவ்வளவு பொறுமையாக அவர் என்னைத் தொட்டு ஒரு வருஷம் இருக்கும். பாழாய்ப்போன மனசு, இவரை மன்னித்துவிடலாம் என்றுகூட எனக்குத் தோன்றியது.

கதவு தடதடவென்று தட்டப்பட்டது.

"இன்னாடா, பட்டப்பகல்ல தாப்பா போட்டுகினு இன்னா பண்றீங்க? கண்ணாடிய மறந்துட்டேன்டா!"

பில்லை எழுத்தெழுத்தாகப் படிக்காமல் அத்தை எந்தக் கடையிலும் எதையும் வாங்க மாட்டார். கண்ணாடி டிவி மேல் இருந்தது. நான் துண்டைத் தேடுவதற்குள் இவர் பதற்றத்தில் கதவைத் திறந்துவிட்டார்.

அத்தை நேராகப் போய்க் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். திரும்பினார். தினத்தாளைப் பார்த்தார். பிறகு என் தலையைப் பார்த்தார்.

கிட்டே வந்து, உச்சியில் இருந்த முடியை ஒற்றை விரலால் விலக்கினார். அங்கே வெறும் தோல்தான். அப்புறம் மகனைப் பார்த்து, "இது இன்னாடா?" என்றார்.

பிளையரை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு இவர் சொன்னார்: "எனுக்கே இப்பதாம்மா தெரியும்."

அத்தை ஆரம்பித்தார். சாமியை ஏமாற்றியவள், குடியைக் கெடுக்க வந்தவள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கோபம் அத்தை மேல் இல்லை.

இந்த வீட்டில் இவர் என்னைக் கைகழுவுவது இது இரண்டாவது முறை. போன வருஷம் ஆஸ்பத்திரியிலிருந்து ரிப்போர்ட்டோடு வந்த அன்று, யாரிடம் குறை என்று அத்தை கேட்டார். "தெரிலம்மா, ஊசி அவளுக்குத்தான் போடச் சொல்லிகீறாங்க" என்றார் இவர்.

பொய் சொல்லவில்லை. குறை யாரிடம் இருந்தாலும் கருமுட்டைக்கான ஊசி பெண்ணுக்குத்தான்; எனக்குத்தான் போட்டார்கள். முடி கொட்டியதும் எனக்குத்தான். குறை என்று எழுதியிருந்த தாளில் இருந்த பெயர் மட்டும் இவருடையது. அம்மா தாங்க மாட்டாங்க என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். அந்தத் தாளை பீரோவில் வைத்துப் பூட்டி, அன்றிலிருந்து சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டிருக்கிறார். நானும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

நான் எழுந்தேன். காதோரம் இருந்த ஒரு வளையம் எண்ணெயில் தானாக வழுக்கித் தோளில் விழுந்தது.

"ஏங்க, பீரோ சாவிய குடுங்க" என்று கையை நீட்டினேன்.

இவர் கையிலிருந்த பிளையர் தரையில் விழுந்தது.

அழுத கண்ணைத் துடைக்க அத்தை கண்ணாடியைக் கழற்றப் போனார்.

"போட்டுகினே இருங்க அத்தே" என்றேன். "ஒரே ஒரு பேரு படிக்க வேண்டியது கீது."