பாகின் பளபளப்பு

சுட்டால் பிளாஸ்டிக்போல் இறுகும் பாலிமர் களிமண்ணில் பொம்மைப் பலகாரங்கள் செய்து பழகிவந்த வாசுகி, அன்று முதல்முறையாகத் திரவக் களிமண்ணில் ஆரஞ்சு வண்ணம் கலந்து, சர்க்கரைப் பாகுபோல், தான் செய்த ஜாங்கிரியின்மேல் ஊற்றிப் பார்த்தாள். சுட்டு எடுத்தபோது பாகு சொட்டுவதுபோலவே பளபளத்தது. ஆறட்டும் என்று சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

திரும்பி வந்தபோது மாமனார் ஒரு கையால் தாடையைப் பிடித்துக்கொண்டு, மேசைக்கு முதுகு காட்டி நின்றிருந்தார். தட்டில் ஜாங்கிரியின் ஓர் இதழைக் காணோம். அவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்ததிலிருந்து வீட்டிலுள்ள இனிப்பையெல்லாம் பூட்டிவைப்பவள் அவள்தான்.

நிஜமென்றே நம்பிவிட்டார் என்று மனம் ஒரு கணம் துள்ளியது. துள்ளியதை உணர்ந்ததும் உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

"என்ன மாமா, பல்லு வலிக்குதா?"

"ஒண்ணுமில்லம்மா." வாயிலிருந்ததை உள்ளங்கையில் துப்பி மூடிக்கொண்டிருந்தார்.

வாய் கொப்பளிக்கச் சொல்லவேண்டும். சொன்னால், பார்த்துவிட்டாள் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

"டீ போடட்டுமா மாமா?" என்று மட்டும் கேட்டாள்.

"போடும்மா." கையை அவர் திறக்கவில்லை. பிறகு, அவள் கேட்காமலே, "சக்கரை வேண்டாம்" என்றார்.