நசீர் இன்னும் காய்

பணி ஓய்வு பெற்ற திருமூர்த்தி தன் சிங்காநல்லூர் அடுக்குமாடி வீட்டுச் சுவர்த்திரையில் பழைய நண்பனை வரவழைத்தார். சுவரில் மில் மைதானம் விரிந்தது. அதன்மேல்தான் இந்தக் கட்டடமே எழுந்திருந்தது. அரைக்கால் சட்டையும் டென்னிஸ் பந்துமாக ஒன்பது வயது நசீர் ஓடி வந்தான். இவரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"டேய், பழம்டா" என்று இரண்டு விரலை நீட்டினார். ஒரு வாரமாக நீட்டுகிறார். அவன் தொடுவதாக இல்லை.

சேவை மையத்துக்குப் போன் போட்டு, பையன் பழுது என்றார்.

"பழுதெல்லாம் இல்லைங்க" என்றாள் மையத்துப் பெண். "நசீர் ஐயா குடுத்த ஞாபகத்த வெச்சுத்தான் செஞ்சிருக்கோம். அவரு மனசுல நீங்க இன்னும் காய்தானுங்க."

"அவன் இப்ப எங்கம்மா இருக்கான்?"

"உங்க கட்டடத்துலயேதானுங்க, பதினேழாவது மாடி. ஒரு எட்டுப் போய்ப் பாருங்களேன்."

திருமூர்த்தி போனைக் காதில் வைத்தபடியே லிஃப்ட் வரை போனார். பொத்தானை அழுத்தாமல் திரும்பி வந்தார்.

"ஏம்மா, நாங்க காய் விட்டதுக்கு முந்தின நாளைப் போட்டுத் தர முடியுமா?"

"தாராளமாங்க. மேல அவரும் அந்த நாளைத்தான் தினமும் போட்டுப் பாக்கறாருங்க."