கீல் இறுகும்வரை

கரையில் ஏற்றியிருந்த படகின் முன்கண்ணாடி, கீல் உடைந்து ஒரு பக்கமாகத் தொங்கியது. ஸ்குரூ பிய்ந்துவந்த ஓட்டைகளில் கஸ்பார் ரெசின் பசையைக் குழைத்து அடைத்து, புதுக் கீலைப் பதித்தார். மகள் ஜெனோவா படகுக்குள் நின்று இரு கைகளாலும் கண்ணாடியைத் தாங்கிக்கொண்டாள்.

“இறுகுறவரைக்கும் கைய எடுத்திராதட்டி. ஆடிச்சின்னா அத்தனையும் வீணு.”

அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் வீட்டில் காத்திருந்தார்கள். காப்பித் தட்டோடு அவள் போய் நின்றுவிட்டால் கல்யாணம் முடிவாகிவிடும். வேண்டாம் என்று நாலு பேர் முன்னால் சொல்ல அவளுக்கு வாய் வராது.

“பிடிச்சிட்டா?”

“இன்னும் இல்லப்பா.”

கீலைப் பிடித்திருந்த ரெசின் எப்போதோ கல்லாகிவிட்டிருந்தது. மூன்றாவது முறையும் அவள் அதையே சொன்னாள்.

“கடைக்காரன் கஞ்சித்தண்ணியவா டப்பாவுல அடைச்சுக் குடுத்தான்?” என்று முனகிக்கொண்டே கஸ்பார் வீட்டுப் பக்கம் நடந்தார். திரும்பியபோது அவர் பின்னால் நான்கு பெண்கள் மணலில் கால் புதையப் புதைய வந்தார்கள்.

“பிள்ளைக்குக் கை ஒழியல. நீங்களே பாத்துக்கிடுங்கம்மா.”

ஜெனோவாவால் முகத்தைத் திருப்ப முடிந்தது. கையை எடுக்க முடியவில்லை. எடுத்தால் பொய் தெரிந்துவிடும். மாப்பிள்ளையின் தாய் கிட்டே வந்து, கண்ணாடியில் படிந்திருந்த உப்பை முந்தானையால் வட்டமாகத் துடைத்தாள்.

“இந்தப் பக்கம் பாரு தாயி.”