அண்ணனின் தோல்

ஆய்வகத்தில் அவள் பெரிய விஞ்ஞானி. வீட்டில் அவள் அண்ணன் தண்டச்சோறு. அவனால் உலகத்துக்குக் கிடைத்த ஒரே பிரயோஜனம், முழங்கையிலிருந்து அவள் வெட்டியெடுத்த மிளகளவு தோல்தான். அதன் செல்களைத் தட்டில் வளர்த்தாள். கண்ணுக்குத் தெரியாத கொழுப்பு உருண்டைகளில் ஜெல்லிமீனின் மரபணுவைப் பொதிந்து அந்தச் செல்களுக்குள் அனுப்பினாள். நீல விளக்கின் அடியில் அவை பச்சையாக மின்னின.

"உன்னைவிட உன் தோலுக்குச் சூடு சொரணை இருக்குண்ணே," என்றாள். அவன் சிரித்தான். சொரணை இருப்பவன் சிரிப்பானா?

இன்று காலை அதே செல்களுக்கு, சாகச் சொல்லும் மரபணுவை அனுப்பிவிட்டுக் கை கழுவினாள்.

மதியம் மூக்கில் வேர்த்ததுபோல் அண்ணன் ஆய்வகத்துக்கே அவள் சாப்பாட்டில் பங்குக்கு வந்து நின்றான். டப்பாவைத் திறக்கும்போது மின்சாரம் போனது. சன்னல் இல்லாத அறை. அவள் டார்ச்சைத் துழாவினாள்.

"எதுக்கும்மா டார்ச்சு? எனக்கு நல்லாத் தெரியுதே."

நிமிர்ந்தாள். எந்த விளக்கும் எரியவில்லை. நெற்றி முதல் விரல்நுனி வரை பச்சையாக மின்னியபடி, அண்ணன் அவளுக்குப் பெரிய பங்காக எடுத்துவைத்துக்கொண்டிருந்தான்.

"காலையிலேருந்து ஒரே அரிப்பு," என்று முழங்கையைச் சொறிந்தான்.

சொறிந்த இடத்தில் பச்சை அணைந்தது. பிறகு அதைச் சுற்றியும்.