பேர் தெரியாத புகார்

“இன்னும் எத்தினி நேரம் மாப்ள? காபி ஆறிப்போச்சு.”

“நெட்டு இழுக்குது அத்த. நான் இன்னா பண்றது?”

தொண்ணூறு சதவீதம் வந்து மூன்றாவது தடவையாக டவுன்லோடு நின்றுபோயிருந்தது. ரவிகுமார் லேப்டாப்பை முறைத்தான்.

மாமியார் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்தவன் அவன். சாப்பிட்டுக் கை கழுவியதும் தங்கம்மா லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். ஆள் யாரென்று தெரியாமல் நெட்டில் ஒரு புகார் அனுப்ப வேண்டுமாம்.

புகார் ரயிலைப் பற்றியது. பெங்களூரில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போகும் தங்கம்மா, ஊரிகத்தில் ஏறி முட்டி வலியோடு இரண்டு மணி நேரம் நின்றே போகிறாள். இடம் இல்லாமல் இல்லை. பங்காருப்பேட்டையில் ஏறும் சிநேகிதர்களுக்காக, வண்டி புறப்படும் மாரிகுப்பத்திலேயே ஒருவர் துண்டு போட்டு வைத்துவிடுகிறார். போட்டவர் சீட்டாட்டத்தில் குனிந்த தலை நிமிர மாட்டார். நேரில் கேட்கவும் முடியாத ஆள். இதையெல்லாம் அவள் மருமகனிடம் சொல்லவில்லை.

“யாரு மேல அத்த புகாரு?”

“உங்களுக்கு எதுக்கு மாப்ள அந்தத் தலைவலி? நீங்க போட்டுக் குடுங்க.”

“இது லினக்ஸ். சும்மா தட்டுனா வராது, கமாண்டு அடிக்கணும்.”

கருப்புத் திரையில் அடித்தான். தப்பு என்றது. மறுபடி அடித்தான். மறுபடி தப்பு என்றது.

“தங்கச் சுரங்கத்துல மூவாயிரம் அடி கேஜ் எறங்கறதுக்கே இவ்ளோ நேரம் ஆவாது. உங்க மாமனார் இருந்திருந்தா சொல்லுவாரு.”

“அத்த, கொஞ்சம் பேசாம இருங்க.”

ஒருவழியாக, அனுப்புபவர் யாரென்று காட்டாத டார் பிரவுசர் திறந்தது. தங்கம்மா உடனே அதைத் திரை முழுக்கப் பெரிதாக்கினாள்.

“பெருசாக்காதீங்க. திரை அளவ வச்சே ஆளக் கண்டுபுடிப்பான்.”

“எழுத்து எறும்பு மாதிரி கீது. நான் எழுத்து கத்துகினதே நாப்பது வயசுல.”

“எழுத்த மட்டும் பெருசு பண்ணித் தரேன். உங்க பேரு, போன் நம்பரு எதுவும் போடாதீங்க. புகாரு மூணு நாடு சுத்திகினு போவுது. எவனுக்கும் தெரியாது.”

“போட்டுக் குடுத்தவருக்கு?”

“எனக்கே தெரியாது. போதுமா? நாளைக்கு மொத ட்ரெயின் புடிக்கணும், ஆள வுடுங்க.”

பயணிகள் சங்கத்தின் புகார்ப் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டு, உள்ளே போய்ப் படுத்துவிட்டான்.

தங்கம்மா ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினாள். அஞ்சாவது பெட்டி. தினமும் ஒன்பது பேருக்கு இடம் பிடித்து வைப்பவர் பெயர், ரவிகுமார்.

மாப்பிள்ளை பேரை மொட்டையாக விட மனம் வரவில்லை. பக்கத்தில் ‘அவர்கள்’ என்று சேர்த்து அனுப்பினாள்.