மஞ்சள் என்று எழுதியவர்

கழுகு அண்ணன் தன் குறிப்பேடுகளைக் கொண்டுவந்து அவள் மேசைமேல் அடுக்கினார்.

மொத்தம் பதினான்கு. இருபத்திரண்டு வருடமாக அகழாய்வில் அவர் இறங்கிய குழிகள் அத்தனையும் அதற்குள் இருந்தன.

“கிடங்குக்கு மாத்தல் கேட்டு வாங்கிட்டேம்மா. இதெல்லாம் உங்கிட்டயே இருக்கட்டும்.”

ஆய்வுக்கூடத்தில் மண்ணைச் சோதிப்பது அவள் வேலை. குழியில் நின்று மண்ணின் நிறத்தைக் குறிப்பது அவர் வேலை. மற்றவர்கள் வண்ண அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முழிப்பார்கள். அவர் ஒரு பார்வை பார்த்துச் சொல்லிவிடுவார். சரிபார்க்கிறேன் பேர்வழி என்று அட்டையோடு கிளம்பியவர்கள்தான் அசடு வழிந்து திரும்பியிருக்கிறார்கள். கழுகு என்ற பட்டப்பெயர் சும்மா வந்துவிடவில்லை.

மேலே இருந்த நோட்டைத் திறந்தாள். ‘கரும்பழுப்பு’ என்று எழுதியிருந்ததன் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி. ‘வெளிர்சாம்பல்’ பக்கத்திலும் ஒன்று. அடுத்த நோட்டிலும் அப்படியே. ஒரு நிறத்தைக்கூட மனுஷன் விட்டுவைக்கவில்லை.

அடப் பாவமே, ஒரு நகக்கண் அளவு காவி மண்ணுக்காகவா இத்தனை!

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு புதைகுழியில், சிப்பிக்குள் அப்பிக் கிடந்த காவி அது. காவியில் மஞ்சளும் உண்டு, சிவப்பும் உண்டு. அவர் மஞ்சள் என்று எழுதி அனுப்பினார். அவளுடைய அறிக்கையில் சிவப்பு என்று வந்தது. குழியில் எடுத்த ஒரே படமும் அந்தி வெயிலில் எடுத்தது. அதில் அவருடைய வெள்ளைச் சட்டையே சிவப்பாகத்தான் இருந்தது. கிடைத்த மண் மொத்தத்தையும் காயவைத்துப் பொடித்து முடித்திருந்தாள், திரும்பிப் பார்க்க ஒரு துகள் மிச்சமில்லை.

கூட்டத்தில், “கழுகுக்கு வயசாயிடுச்சு” என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

கண் டாக்டர் ஒரு கோளாறும் இல்லை என்று எழுதியே கொடுத்துவிட்டார். அண்ணன்தான் நம்பவில்லை.

இனியும் மென்று விழுங்கினால் தான் மனுஷியே இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

“அண்ணா, உங்க கண்ணுக்கு ஒண்ணும் இல்ல. அது மஞ்சள்தான். அதைக் காயவைக்கிறதுக்கு முந்தின நாள் கிண்ணமெல்லாம் சுத்தம் பண்ணச் சுட்டுட்டு, ஓவன் சூட்டை வழக்கமான அறுபதுக்குக் குறைக்க மறந்துட்டேன். ராத்திரி முழுக்க முந்நூறு டிகிரியில கிடந்து சிவந்துடுச்சு. அந்த வாரம்தான் என் வேலையை நீட்டிக்கலாமான்னு பேசிட்டிருந்தாங்க. பயந்துபோய் வாயைத் திறக்கல.”

திட்டுவார், நோட்டுகளை அள்ளிக்கொண்டு நேரே இயக்குநரிடம் போவார் என்று காத்திருந்தாள். போனால் போகட்டும் என்றுகூட இருந்தது.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“மஞ்சக் காவியைச் சுட்டா சிவக்கும்னு எனக்குத் தெரியாதாம்மா? எனக்கும் அந்தச் சந்தேகம்தான் வந்துச்சு. அறிக்கை வந்த அன்னிக்கே, நீ சாப்பிடப் போன நேரத்துல வந்து உன் ஓவன் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். அறுபது டிகிரின்னு உன் கையெழுத்துல இருந்துச்சு. அதைப் பார்த்த பிறகுதான் என் கண்ணு மேலயே நம்பிக்கை போச்சு.”

அந்த அறுபதை, சிவந்த மண்ணைப் பார்த்த பிறகு எழுதியவள் அவள்.

“அதுவும் பொய்தாண்ணா. அப்புறமா நான்தான்...”

அவர் கண் கலங்கியிருந்தது.

“போதும்மா. எனக்காக உன் நோட்டையே பொய்யின்னு சொல்லாத. கூடப் பொறந்தவகூட எனக்காக இவ்வளவு தூரம் போகமாட்டா” என்று எழுந்து, அவள் தலையில் கை வைத்து, “நீ நல்லா இருக்கணும்” என்றார்.