பாதி விலை மீன்

"பாதி விலைக்குக் குடுங்கக்கா. அதுக்கு மேல பேச்சே இல்ல."

மீன்கார அம்மா கையிலிருந்த கத்தியைக் கீழே வைக்காமலே சிரித்தாள். "பாதி விலைக்குப் பாதி மீன்தான் தம்பி வரும். தலை வேணுமா, வால் வேணுமா?"

பின்னால் கூடையோடு நின்ற தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள்.

அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரே முற்றத்தைச் சுற்றி வாழ்ந்த நாலு குடும்பங்களும் இருபது வருஷத்துக்குப் பிறகு இன்று மத்தியானம் தையல்காரர் மகன் வீட்டு மொட்டை மாடியில் கூடுகின்றன. அந்தக் கால ஞாயிற்றுக்கிழமைகளைப் போலவே கரி மூட்டி, கம்பி வலை வைத்து, சுட்டுச் சுட்டுச் சாப்பிட வேண்டும் என்று ஏற்பாடு. தையல்காரர் வீட்டிலிருந்து இறால், டிரைவர் வீட்டிலிருந்து நண்டு, டீச்சரம்மா வீட்டிலிருந்து கணவாய். மீன் எப்போதும் போல இவர்கள் பங்கு.

"அப்பா மாதிரியே பாதி விலைக்கு வாங்கிக் காட்டுறேன்" என்று நேற்று எல்லோருக்கும் போனில் சவடால் அடித்துவிட்டான். முற்றத்தில் அப்பாவுக்குப் பெயரே 'பாதிவிலை'. அவர் பிள்ளை முழு விலை கொடுத்து வாங்கினான் என்று தெரிந்தால் சாகும்வரை ஓட்டுவார்கள்.

கொடுவாய் மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தான். "வெளுத்துப்போயிருக்கே?"

"வெளுத்தது உன் மூஞ்சி. செவுளு நல்லா ரத்தமாத்தான் இருக்கு."

"அப்ப வேணாம்" என்று தோளைக் குலுக்கிவிட்டுப் பத்தடி நடந்தான். யாரும் கூப்பிடவில்லை. பேரத்தில் அதைவிட அவமானமான மௌனம் கிடையாது. திரும்பி வந்தான்.

"என்னண்ணா, செருப்பு அறுந்துபோச்சா?" என்றாள் தங்கை.

"நீ சும்மா இரு." மீன்கார அம்மாவிடம் திரும்பினான். "அக்கா, எங்கப்பா இதே சந்தையில வாரா வாரம் பாதி விலைக்கு வாங்கியிருக்கார். ஞாயித்துக்கிழமை விடியறதுக்கு முன்னாடி கிளம்பிடுவார். வெயில் ஏறும்போது கையில இவ்வளவு பெரிய கொடுவாயோட வருவார்."

சொல்லும்போதே மூக்கில் அந்தப் புகை ஏறியது. அம்மா நசுக்கிய பூண்டும் மிளகும், தோல் வெடிக்கும் சத்தம், 'எலுமிச்சம்பழத்தை இப்பப் பிழியாதீங்க, எறக்கினதுக்கப்புறம்!' என்று டீச்சரம்மா போடும் அதட்டல். நாலு வீட்டிலும் குறைந்த சம்பளம் இவர்கள் வீட்டில்தான். ஆனால் கம்பி வலையின் நடுவில் கிடப்பது எப்போதும் இவர்கள் மீன்தான். அட்டையை இடது கையில் பிடித்து அப்பா கரியை விசிறுவார்.

"சாயங்காலம் அம்மா தைலம் தேய்ப்பாங்களே, ஞாபகம் இருக்கா?" என்றாள் தங்கை.

"மறக்குமா? 'பேரம் பேசினா வாய்தானே வலிக்கணும், உங்களுக்கு ஏன் தோள் வலிக்குது?'ன்னு கேப்பாங்க. 'வேணாம் வேணாம்னு தோளைக் குலுக்கிக் குலுக்கி நடிக்கணும்டி, உனக்கென்ன தெரியும்'பார் அப்பா."

இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். மீன்கார அம்மாவின் கத்தி நின்றுவிட்டது.

"கட்டம் போட்ட சட்டை. பாக்கெட்ல ரெண்டு பேனா. தபால் ஆபீசு."

"அவரேதான்!"

"வந்ததும் ரெண்டு பேனாவையும் கழட்டி என் கல்லாப்பெட்டியில பத்திரமா வச்சுட்டுத்தான் ஆரம்பிப்பாரு" என்றாள் அவள். "எத்தனை வருஷமாச்சு... இருக்காரா?"

"போய்ட்டார்க்கா. அஞ்சு வருஷம் ஆகுது."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"என்ன பேசி உங்களை மடக்குவார்?" ஆவலாகக் கேட்டான் அண்ணன்.

"வாயே திறக்க மாட்டாரு."

"பாத்தியா!" தங்கையைப் பெருமையாகப் பார்த்தான். "வாயே திறக்காம! அதுதான் தொழில் ரகசியம்."

சந்தையின் கோடியில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. மீன்கார அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, இருந்ததிலேயே பெரிய கொடுவாயைத் தூக்கி அவர்கள் கூடையில் போட்டாள்.

"சரி. பாதி விலையே குடு."

அவனுக்குத் தலைகால் புரியவில்லை. "சொன்னேன்ல! அப்பா பிள்ளைடி நான்!" பணத்தை நீட்டிவிட்டு, தங்கையிடமிருந்து கூடையை வாங்கிக்கொண்டு கிளம்பப் போனான்.

"எங்க ஓடற? போனைக் குடு, நனைஞ்சிடும்." அவன் கையிலிருந்து போனை வாங்கிக் கல்லாப்பெட்டிக்குள் வைத்தாள். ஆணியில் தொங்கிய கோணிச் சாக்கை எடுத்து நாலாக மடித்து அவன் வலது தோளில் போட்டாள். "உங்கப்பா ஒரு நாளும் பேரம் பேசினதில்ல தம்பி. அதோ ஐஸ் லாரி வந்துடுச்சு, முப்பது பெட்டி இறக்கணும். மீதிப் பாதியை அவரு அப்படித்தான் குடுப்பாரு."

தங்கை அவன் கையிலிருந்த கூடையை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

"போண்ணா" என்றாள், கண்ணைத் துடைத்தபடி. "போய் பேரம் பேசு."